புது வீட்டுக்குக் காப்புறுதி: கையெழுத்து வைக்குமுன் கேட்க வேண்டியவை

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்து, இன்று 7 பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் குடிபோகிற தோட்டக் குடும்பங்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் நன்றாகத் தெரியும். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த உதவி ஒரு பங்கு, வங்கிக் கடன் ஒரு பங்கு, சீட்டுக் காசு, அடகு வைத்த நகை, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய காசு, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமே சேர்ந்து மண் வெட்டிக் கல் சுமந்த உழைப்பு, எல்லாம் சேர்ந்துதான் ஒரு வீடு எழும்புகிறது.

இப்படிக் கட்டிய வீடு ஒரே இரவில் எரிந்துவிட்டால், அல்லது மேட்டு மண் சரிந்து மூடிவிட்டால் என்ன செய்வது? இதை நினைக்கவே யாருக்கும் மனம் வராது. குடிபோகும் நாளில் இதைப் பேசுவது அபசகுனம் என்றும் சிலர் சொல்வார்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். லயம் தோட்டத்தின் சொத்து. லயத்தில் நெருப்புப் பிடித்தால் பாடசாலையிலோ, பிள்ளை மடுவத்திலோ, கோயில் மண்டபத்திலோ தங்க வைத்து, கூரை போட்டுக் கொடுக்கும்படி நிர்வாகத்தைக் கேட்க ஒரு வழி இருந்தது. சொந்த வீடு உங்கள் சொத்து. லாபமும் உங்களுடையது, நட்டமும் உங்களுடையது. வீடு போனாலும் வங்கிக் கடன் போகாது. இல்லாத வீட்டுக்கு மாதாமாதம் கடன் கட்டும் நிலைமை வரக்கூடாது என்பதற்காகத்தான் வீட்டுக் காப்புறுதி இருக்கிறது.

காப்புறுதி எடுங்கள் என்று சொல்வதோடு இந்தக் கட்டுரை நின்றுவிடாது. எப்படிப்பட்ட காப்புறுதி, எத்தனை ரூபாவுக்கு, என்ன கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பதை விளக்குவதே நோக்கம். எல்லாவற்றுக்கும் மேலான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: உங்கள் வீட்டுக்கு எந்த ஆபத்து வரக்கூடுமோ, அந்த ஆபத்தின் பேர் காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். முகவர் வாயால் சொன்னது போதாது.

காப்புறுதி என்றால் என்ன?

நம் தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மாதாமாதம் எல்லாக் குடும்பமும் ஒரு சிறு தொகை கட்டும். எந்த வீட்டில் சாவு விழுகிறதோ அந்த வீட்டுக்குப் பணம் போகும். "இத்தனை வருஷம் கட்டினேன், எங்க வீட்டில யாரும் சாகல்லியே, காசைத் திருப்பித் தாங்க" என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக் காப்புறுதியும் இதே மாதிரிதான். ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தொகை கட்டுகிறார்கள். இதைக் கட்டுப்பணம் என்போம். அந்த வருடத்தில் எந்த வீட்டுக்குச் சேதம் வருகிறதோ அந்த வீட்டுக்கு நட்டஈடு கிடைக்கிறது. சேதம் வராவிட்டால் கட்டிய பணம் திரும்பி வராது. அடுத்த வருடம் மறுபடியும் கட்ட வேண்டும். கட்ட மறந்தால் பாதுகாப்பும் அன்றோடு முடிந்தது.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தோட்டத்துக்கு வரும் முகவர்களில் பலர் கொண்டு வருவது ஆயுள் காப்புறுதி. அதில் ஒரு ஆள் இறந்தாலோ, காலம் முடிந்தாலோ பணம் கிடைக்கும். அது நல்லதுதான், ஆனால் வீடு எரிந்தால் அது ஒரு சதமும் தராது. 2011இல் காப்புறுதிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஆயுள் காப்புறுதி செய்யும் கம்பனி வேறு, வீடு, வாகனம் போன்றவற்றுக்கான பொதுக் காப்புறுதி செய்யும் கம்பனி வேறு என்று பிரிக்கப்பட்டுவிட்டன. ஆகவே பத்திரத்தில் உள்ள கம்பனியின் முழுப்பெயரைப் பாருங்கள். அது பொதுக் காப்புறுதிக் கம்பனியா என்று கேளுங்கள்.

வங்கியில் வீட்டுக் கடன் எடுத்தவர்களும் கவனிக்க வேண்டும். கடனோடு சேர்த்து வங்கி எடுக்கச் சொல்வது பெரும்பாலும் கடன்காரர் இறந்தால் மிச்சக் கடனை அடைக்கும் ஆயுள் காப்புறுதி. "வங்கியில இன்ஷூரன்ஸ் பிடிக்கிறாங்க, அது போதும்" என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது ஆளுக்கா, வீட்டுக்கா, இரண்டுக்குமா என்று வங்கியிலே தெளிவாகக் கேட்டு, பத்திரத்தின் பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.

மலைநாட்டு வீட்டுக்கு என்னென்ன ஆபத்து?

வீட்டுக் காப்புறுதியின் அடிப்படை நெருப்பும் இடிமின்னலும். இவை எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். மற்றவை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். சில சேர்ந்தே வரும், சிலவற்றுக்கு மேலதிகமாகக் கட்ட வேண்டும், சில அறவே விலக்கப்பட்டிருக்கும். நம் பகுதிக்குத் தேவையானவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெருப்பு: விறகடுப்பு, அடுப்புக்கு மேலே காயப்போட்ட விறகு, குப்பி விளக்கு, பழுதான மின்சார வயர், காஸ் சிலிண்டர் என்று காரணங்கள் பல. வயர் கோளாறினால் வீடு எரிந்தால் வீட்டுக்கு நட்டஈடு உண்டு. ஆனால் மின்சாரம் கூடிக் குறைந்து தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி மட்டும் பழுதானால் பல பத்திரங்களில் அதற்கு நட்டஈடு கிடையாது. வேண்டுமானால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

காற்று, புயல்: ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கூரைத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகும். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கனத்த மழை. சூறாவளி, கடும் காற்று, பெருவெள்ளம் என்ற சொற்கள் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரம் முறிந்து வீட்டின் மேல் விழுந்தால் என்ன நிலைமை என்றும் கேளுங்கள். தோட்டத்தில் பெரிய சவுக்கு, யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

மண்சரிவு: நமக்கு இதுதான் தலையாய ஆபத்து. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல இடங்களில் மலை சரிந்தது. ஆனால் "இயற்கை அனர்த்தம்" என்ற பொதுவான சொல்லுக்குள் மண்சரிவு எப்போதும் அடங்கும் என்று நினைத்துவிடக் கூடாது. சில பத்திரங்களில் அது மேலதிகமாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. சிலவற்றில் நிலம் தாழ்தல், நிலம் நகர்தல், மண்சரிவு என்பவை விலக்குகள் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பகுதியின் எழுத்து சிறியதாக இருக்கும், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

கலவரம்: 1977, 1981, 1983 ஆண்டுகளில் தோட்டங்களில் நடந்ததை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. வேலைநிறுத்தம், கலவரம், குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதம் சாதாரண நெருப்புக் காப்புறுதியில் அடங்காது. நம் நாட்டில் இதற்கென்று அரசாங்கத்தின் தனி நிதி ஒன்று உண்டு. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது. நீங்கள் காப்புறுதி எடுக்கும் கம்பனி மூலமாகவே மேலதிகப் பணம் கட்டி இதைச் சேர்த்துக்கொள்ளலாம். கேட்டால்தான் சேர்ப்பார்கள்.

களவு: வீட்டுப் பொருட்களைக் காப்புறுதி செய்தால் களவையும் சேர்க்கலாம். பொதுவாகக் கதவையோ ஜன்னலையோ உடைத்து உள்ளே வந்ததற்கு அடையாளம் இருக்க வேண்டும். காசுக்கும் நகைக்கும் வரம்பு உண்டு, சிலவற்றில் அவை சேர்வதே இல்லை.

காப்புறுதி தராதது எது?

புது வீட்டில் குடிபோய் ஆறு மாதத்தில் சுவர் வெடிக்கிறது, தளம் இறங்குகிறது, கூரை ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்திவாரம் சரியில்லாமலோ, சீமெந்துக் கலவை குறைந்தோ வந்த கோளாறு என்றால் காப்புறுதி உதவாது. அது கட்டியவரின் பொறுப்பு. கொந்தராத்துக்காரர் கட்டிய வீடாக இருந்தால், ஒப்பந்தத்தில் குறித்த காலத்துக்குள் குறைகளை எழுத்தில் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு என்றால் திட்டத்தை நடத்தியவர்களுக்கு எழுதுங்கள். வெடிப்பைப் பூசி மறைக்குமுன் திகதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். ஏனென்றால் வெடிப்பு கலவைக் குறையா, நிலம் நகர்வதன் அடையாளமா என்று பிறகு பார்க்க வேண்டி வரலாம்.

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கும் கட்டி முடித்த வீட்டுக்கும் காப்புறுதி வேறு வேறு. சாதாரண வீட்டுக் காப்புறுதி ஆட்கள் குடியிருக்கும் முடிந்த வீட்டுக்கு உரியது. ஆகவே பாதி வேலை கிடக்கும்போதே குடிபோனவர்கள் அதைக் கம்பனிக்குச் சொல்லியே எடுக்க வேண்டும். அதே போல், குடும்பத்தோடு கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய் வீட்டை நீண்ட நாள் பூட்டி வைத்தால் பாதுகாப்பு நின்றுவிடக்கூடும். எத்தனை நாள் வரை பூட்டியிருக்கலாம் என்று கேட்டு வையுங்கள்.

எத்தனை ரூபாவுக்கு எடுப்பது?

கம்பனி எழுதச் சொல்வது, வீட்டை இன்றைக்கு மறுபடியும் கட்டினால் என்ன செலவாகும் என்ற தொகையை. காணியின் விலை இதில் சேராது, காணி எரியாது. அன்று நீங்கள் செலவழித்த தொகையையும் அப்படியே எழுதக் கூடாது. 2021இன் ஆரம்பத்தில் 50 கிலோ சீமெந்து மூட்டை சுமார் 1,000 ரூபா. 2022இல் அதே மூட்டை 3,000 ரூபாவைத் தாண்டியது. பழைய விலைக்கு எழுதியவர்களின் காப்புறுதி, வீட்டின் ஒரு பகுதிக்குத்தான் போதுமாக இருந்தது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த உதவித் தொகையை மட்டும் எழுதுவதும் பிழை. நீங்கள் போட்ட உழைப்புக்கு மறுமுறை கூலி கொடுக்க வேண்டி வரலாம். ஆகவே மேசன் பாஸ் ஒருவரிடம் இன்றைய விலைக்குக் கணக்குப் போட்டு வாங்குங்கள். அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும்போது திரும்பப் பாருங்கள்.

குறைத்து எழுதினால் கட்டுப்பணம் குறையும் என்று சிலர் நினைப்பார்கள். அது எப்படி முடியும் என்று ஒரு கணக்கில் பாருங்கள்.

உங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட 30 இலட்சம் வேண்டும். நீங்கள் 15 இலட்சத்துக்குக் காப்புறுதி எடுத்தீர்கள். காற்றில் கூரை போய் 4 இலட்சம் சேதம். "15 இலட்சம் இருக்கே, 4 இலட்சம் தருவாங்க" என்று நினைப்பீர்கள். கம்பனி என்ன சொல்லும்? "நீங்கள் பாதி வீட்டுக்குத்தான் காப்புறுதி எடுத்தீர்கள், சேதத்திலும் பாதிதான் தருவோம்" என்று சொல்லும். 2 இலட்சம்தான் வரும். இதைக் கம்பனிக்காரர்கள் எவரேஜ் என்பார்கள்.

இத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு சேதத்திலும் ஒரு பகுதியை வீட்டுக்காரரே ஏற்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கும். இதற்கு எக்ஸெஸ் என்று பேர். அது நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் 2 இலட்சத்தில் 20,000 கழியும். கையில் வருவது 1 இலட்சத்து 80 ஆயிரம். 4 இலட்சம் கூரைக்கு இது எப்படிப் போதும்?

கூட்டி எழுதுவதாலும் பயனில்லை. 30 இலட்ச வீட்டை 60 இலட்சத்துக்கு எழுதினாலும், முழுதாகப் போனால் 30 இலட்சம்தான் தருவார்கள். இரண்டு கம்பனியில் எடுத்தாலும் இரட்டிப்பாகக் கிடைக்காது. கட்டுப்பணம்தான் வீண்.

யார் பேரில் எடுப்பது?

காணி உறுதி யார் பேரில் இருக்கிறதோ அவர்கள் பேரில் எடுப்பது முறை. உறுதி புருஷன் பெஞ்சாதி இருவர் பேரிலும் இருந்தால் காப்புறுதியும் இருவர் பேரிலும் இருக்கட்டும். வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் பேரும் அதில் வரும். அப்போது நட்டஈட்டில் வங்கிக்கு முதல் உரிமை உண்டு.

"எங்களுக்கு இன்னும் உறுதி கையில வரல்லியே, நாங்க என்ன செய்யிறது?" என்று பலர் கேட்கிறார்கள். தோட்டக் காணி அரசாங்கத்துக்குச் சொந்தமானது, 1992 முதல் பிராந்தியக் கம்பனிகள் நடத்தி வருகின்றன என்பதால் இந்தச் சிக்கல் நம் எல்லாருக்கும் பொதுவானது. காப்புறுதியில் பார்க்கும் அடிப்படைக் கேள்வி, இந்த வீடு அழிந்தால் உங்களுக்குப் பணநட்டம் வருமா என்பதுதான். வீடு கையளித்த கடிதம், நிர்வாகத்தின் கடிதம், கடன் பத்திரம், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைக் காட்டிக் கேளுங்கள். ஏற்பதும் ஏற்காததும் கம்பனியின் தீர்மானம். ஆனால் பணம் கட்டுமுன் அந்தத் தீர்மானத்தை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சேதம் வந்த பிறகு "உறுதி எங்கே?" என்று கேட்கும் நிலைமை வரக்கூடாது.

வீட்டுக்குள் இருக்கும் பொருட்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கட்டில், அலுமாரி, தையல் மெஷின், தொலைக்காட்சி, பிள்ளைகளின் புத்தகம், பாத்திரம் பண்டம் எல்லாம் உங்களுடையவை. இன்னும் லயத்தில் இருப்பவர்களும் பொருட்களுக்கு மட்டும் காப்புறுதி கேட்டுப் பார்க்கலாம்.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

விண்ணப்பப் படிவத்தில் சுவர் என்ன, கூரை என்ன, வயரிங் யார் செய்தது, மேட்டுப் பக்கம் எப்படி, முன்பு சேதம் வந்ததா என்று கேட்பார்கள். முகவரே நிரப்பிவிட்டு "இங்க ஒரு சைன் வைங்க" என்று நீட்டுவது வழக்கமாகிவிட்டது. அதில் பொய் இருந்தால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். இஸ்தோப்பில் சின்னக் கடை வைத்திருந்தால், மண்ணெண்ணெய், பெற்றோல், காஸ் விற்பனைக்கு வைத்திருந்தால், பின்பக்கம் பலகை அடித்துக் குசினி இறக்கியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு ஏதாவது மாற்றம் செய்தாலும் எழுதி அறிவியுங்கள். மறைத்தது தெரிந்தால் முழு நட்டஈட்டையும் மறுக்கக் கம்பனிக்கு உரிமை உண்டு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் இடத்தைப் பார்த்துக் கொடுத்த மண்சரிவு அறிக்கை இருந்தால் அதன் பிரதியையும் கொடுங்கள். இந்த இடத்தில் கட்டலாம் என்ற அறிக்கை உங்களுக்குப் பெரிய பலம்.

கேட்பது எப்படி?

ஒரு தொழிலாள அக்காவும் காப்புறுதி முகவரான ஒரு தம்பியும் பேசுவதைப் போல இங்கே எழுதியிருக்கிறோம். இதேபோல நீங்களும் கேட்கலாம்.

அக்கா: வாங்க தம்பி, உக்காருங்க. மொதல்ல ஒன்னு சொல்லுங்க. இது வீட்டுக்கா, உசிருக்கா?

தம்பி: வீட்டுக்குத்தான் அக்கா. வருஷா வருஷம் கட்டணும்.

அக்கா: மேட்டுல மண் சரிஞ்சி வீட்டு மேல வந்தா காசு குடுப்பீங்களா?

தம்பி: இயற்கை அனர்த்தம் எல்லாம் இருக்கு அக்கா, பயப்படாதீங்க.

அக்கா: எல்லாம்னு சொன்னா பத்தாது தம்பி. மண்சரிவுன்னு எழுதியிருக்கிற எடத்தக் காட்டுங்க.

தம்பி: இதுல பேர் சொல்லி எழுதல அக்கா. மேலதிகமா சேக்கலாம். கொஞ்சம் கூடக் கட்டணும். கம்பனியில வந்து எடத்தப் பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவாங்க.

அக்கா: பாக்கட்டும். எழுத்துல சொல்லட்டும். எக்ஸெஸ் எவ்வளவு?

தம்பி: நெருப்புக்கு ஒரு மாதிரி, காத்து மழைக்கு ஒரு மாதிரி அக்கா.

அக்கா: ரெண்டையும் எழுதிக் குடுங்க. கடதாசி தமிழ்ல இருக்கா?

தம்பி: இங்கிலீஷ்லதான் கொண்டாந்தேன். தமிழ்ல கேட்டுப் பாக்கிறேன்.

அக்கா: கொண்டாங்க, எங்க மகளும் படிச்சிப் பாக்கட்டும். அடுத்த கெழம வாங்க. ரெண்டு கம்பனியில வெல கேட்டுட்டுச் சொல்றேன். காசு கட்டுனா கம்பனி ரசீது ஒடனே வேணும், சொல்லிட்டேன்.

இந்த அக்கா யாரையும் அவமதிக்கவில்லை. தம்பியும் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல முகவர் கேள்வி கேட்பவரை மதிப்பார். அவசரப்படுத்துபவரிடம்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். கட்டுப்பணம் வருடத்துக்கு எத்தனை நாள் பேருக்குச் சமம் என்று செக்றோல் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாதாமாதம் அதற்கென்று ஒதுக்கினால் பாரம் தெரியாது.

சேதம் வந்துவிட்டால்

1. முதலில் உயிரைப் பாருங்கள். பொருளை எடுக்க மறுபடியும் உள்ளே போக வேண்டாம்.

2. கம்பனிக்கு உடனே அறிவியுங்கள். எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கும். தொலைபேசியில் சொன்னாலும் பிறகு எழுத்திலும் கொடுங்கள்.

3. நெருப்பு, களவு என்றால் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி வாங்குங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அறிவியுங்கள்.

4. சேதத்தைப் பல பக்கத்திலிருந்தும் போட்டோ எடுங்கள். மதிப்பீட்டாளர் வருமுன் எரிந்த சாமானை வீச வேண்டாம். ஆனால் மழை உள்ளே வராமல் படங்கு கட்டுவது உங்கள் கடமை. அதற்கான செலவுக்குப் பற்றுச்சீட்டு வையுங்கள்.

5. மேசனிடம் திருத்தச் செலவு மதிப்பீடு எழுதி வாங்குங்கள்.

6. முழுத் திருப்தி இல்லாமல் "இறுதித் தீர்வு" என்ற கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

கம்பனி மறுத்தால், எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனிக்கே முறையிட வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம், அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். ஒரு கம்பனி பதிவு செய்யப்பட்டதா என்பதையும் இந்த ஆணைக்குழுவிடமே கேட்டறியலாம்.

அரசாங்க உதவி இருக்கும்தானே?

அனர்த்தம் வந்தால் அரசாங்கம் உதவி செய்வது உண்மை. 2016 ஏப்ரலில் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக நாட்டு மக்கள் எல்லாருக்குமாக இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அப்போது ஒரு வீட்டுக்கு ஆகக்கூடியது 25 இலட்சம் ரூபா என்று வைத்தார்கள். சேதத்தின் அளவைப் பொறுத்துத்தான் தொகை. இப்படிப்பட்ட உதவிக்குக் கிராம உத்தியோகத்தர் மூலமாகப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். பதியத் தவறாதீர்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஒவ்வொரு அனர்த்தத்திலும் தொகையும் விதியும் மாறுகின்றன. காணி, உறுதி என்ற கேள்விகள் வருகின்றன. அடுப்பிலிருந்து நெருப்புப் பிடித்து உங்கள் வீடு மட்டும் எரிந்தால் அது இயற்கை அனர்த்தமும் ஆகாது. ஆகவே அரசாங்க உதவியை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உயிருக்கு முதலிடம்

எந்தக் காப்புறுதியும் மலையைத் தாங்கிப் பிடிக்காது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது வற்றிப்போகும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் மழை அளவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, சேமலாப நிதிப் பத்திரங்கள் ஆகியவற்றின் பிரதிகளை நனையாத உறையில் போட்டுக் கதவருகே வையுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். காப்புறுதிப் பத்திரத்தின் இலக்கத்தையும் கம்பனியின் தொலைபேசி இலக்கத்தையும் அதோடு எழுதி வையுங்கள். பத்திரம் வீட்டோடு சேர்ந்து எரிந்து போனாலும் அந்த இலக்கம் கையில் இருக்க வேண்டும்.

கையெழுத்து வைக்குமுன் ஒரு தடவை பாருங்கள்

இது பொதுக் காப்புறுதிக் கம்பனியின் வீட்டுக் காப்புறுதியா? மண்சரிவு, புயல், வெள்ளம் என்ற சொற்கள் பேர் சொல்லி எழுதியிருக்கின்றனவா? விலக்குகள் பகுதியைப் படித்தோமா? தொகை இன்று திரும்பக் கட்டும் செலவுக்குச் சரியா? எக்ஸெஸ் எவ்வளவு? உறுதி பற்றிய கேள்விக்கு எழுத்தில் பதில் வந்ததா? படிவத்தில் உள்ளதெல்லாம் உண்மையா? ரசீது கையில் இருக்கிறதா?

இவற்றில் ஒன்றுக்காவது பதில் தெரியாவிட்டால் அன்றைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். பத்திரத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடமோ, படித்த பிள்ளைகளிடமோ காட்டுங்கள். காப்புறுதி மழைக்காலத்துக்கு முன் எடுக்க வேண்டியது. எரிகிற வீட்டுக்கு எந்தக் கம்பனியும் காப்புறுதி தராது. அதற்காக அவசரத்தில் எடுக்கவும் வேண்டாம். பல வருட உழைப்பில் எழும்பிய வீட்டுக்கு ஒரு வாரம் யோசித்துக் கேள்வி கேட்பது பெரிய காரியமல்ல.